திமிங்கிலத்துக்குத் திதி

என் அப்பா சுத்த சைவம். வடலூர் தைப்பூசத்தைத் தவறவிட மாட்டார். முட்டை போட்ட கேக்கைத் தொட மாட்டார். வேலை பார்த்த காலமெல்லாம் அவர் கணக்கெழுதியது திண்டுக்கல்லில் ஒரு தோல் ஷாப்பில். ஆட்டுத்தோல் இத்தனை, மாட்டுத்தோல் இத்தனை, சுண்ணாம்பு, ஆவாரம்பட்டை இத்தனை. பேரேட்டில் அடித்தல் திருத்தல் இருக்காது. "கொல்றது நாம இல்லம்மா, வர்றதை எழுதுறோம்" என்பார். டி. செல்வராஜின் 'தோல்' நாவல் 2012இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றபோது எங்கள் ஊரே பெருமைப்பட்டது. அது அங்கே உழைத்தவர்களின் கணக்கு. உரிக்கப்பட்டவற்றின் கணக்கை உயிர்க்கணக்காக எழுதுகிறவர் உண்டா?

உண்டு. அதைப் பார்க்க ஜப்பான் போக வேண்டியிருந்தது.

ஆத்தூர் டேம் ஜிலேபி மீனைத் தாண்டி எதையும் பார்க்காத ஊர்க்காரி கடல் உயிரியல் படிக்கப் போகிறாள் என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். ஷிமோனோசெகியில் ஒரு குடும்பத்தோடு தங்கினேன். அந்த ஊருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது நம் மீனவர்கள் வலையிலிருந்து எடுத்து வீசிவிடும் நச்சு மீனான பேத்தை. அங்கே அதுதான் விருந்து. அந்த மீனுக்காகவும் வருஷா வருஷம் வழிபாடு நடத்துகிறார்கள்.

அந்த வீட்டுச் சமையலில் மீன் எங்கே இல்லை என்று தேட வேண்டும். சூப்பு, குழம்பு எல்லாவற்றுக்கும் அடிச்சாறு சூரைக் கருவாட்டைச் சீவிப் போட்டது. நம் கடைகளில் விற்கும் மாசிக் கருவாட்டுக்கு உறவு. வீட்டம்மா எனக்கென்று தனிப் பாத்திரத்தில் கடற்பாசியும் காய்ந்த காளானும் போட்டுச் சாறு இறக்கினார். புத்த மடங்களில் துறவிகளுக்குச் சமைக்கும் முறை அது. நான் கேட்கவே இல்லை.

ஆனால் அந்தச் சாதத்தைச் சாப்பிட்டுவிட்டு நான் போன இடம் ஆய்வுக்கூடம். மீனின் வயதை அறிய அதன் தலைக்குள் இருக்கும் செவிக்கல்லை எடுத்து வளையங்களை எண்ண வேண்டும். உயிரோடு இருக்கும் மீனிலிருந்து அதை எடுக்க முடியாது. வயது தெரிந்தால்தான் எவ்வளவு பிடிக்கலாம் என்று வரம்பு கட்ட முடியும். சில மீன் செத்தால்தான் பல மீன் பிழைக்கும். வாதம் சரிதான். வள்ளலாரிடம் இதைச் சொல்லிப் பார்க்கத்தான் எனக்குத் தைரியம் இல்லை.

பழைய பௌத்த விதி ஒன்று உண்டு. தனக்காகக் கொன்றதைப் பார்க்கவில்லை, கேட்கவில்லை, சந்தேகமும் இல்லை என்றால் பிச்சையாக வந்த ஊனைத் துறவி ஏற்கலாம். வள்ளுவர் இந்தச் சாக்கை ஏற்பவர் அல்லர். வாங்குகிறவனால்தான் விற்கிறவன் இருக்கிறான் என்பது அவர் கட்சி. அப்படியானால் தோல் பேரேடு எழுதியவர் எந்தப் பக்கம்? அந்தச் சம்பளத்தில் படித்த நான்?

வீட்டம்மாதான் ஒரு விடுமுறையில் நாகதோவுக்கு அருகே கயோய் என்ற மீனவ ஊருக்கு அழைத்துப் போனார். ஒரு காலத்தில் வலை கட்டித் திமிங்கிலம் பிடித்த ஊர். அங்கே 1692இல் எழுப்பிய கல்லறை ஒன்று கடலைப் பார்த்து நிற்கிறது. அறுத்த தாய்த் திமிங்கிலங்களின் வயிற்றில் இருந்த குட்டிகளைப் புதைத்த இடம். கோகன்ஜி என்ற கோயிலில் திமிங்கிலங்களுக்கு மரணப் பதிவேடு இருக்கிறது. செத்த மனிதருக்கு வைப்பதுபோல் அவற்றுக்கும் மறுமைப் பெயர் வைத்து, இனம், நாள் எல்லாம் எழுதியிருக்கிறார்கள். ஆண்டுதோறும் வழிபாடு இன்றும் நடக்கிறது.

அன்றிரவு அப்பாவிடம் போனில் சொன்னேன். "கொன்னுட்டுத் திதி கொடுத்தா சரியாப் போச்சா?" என்றார்.

சரியாகவில்லை. அந்த ஊர்க்காரர்கள் மறுவருஷமும் வேட்டைக்குப் போனார்கள். திதி மன்னிப்புச் சீட்டு அல்ல. ஆனால் அதை எழுதியவன் 'கொன்றது நான் இல்லை' என்று சொல்ல முடியாது. எனக்கு அதுதான் பெரிதாகப்பட்டது. இது ஜப்பானுக்கு மட்டும் உரியதும் இல்லை. பழனி பக்கம் அய்வர்மலையில் சமணச் சிற்பங்களும் 870ஆம் ஆண்டின் கல்வெட்டும் உள்ளன. அந்தச் சமணர் நெறியில், நடக்கும்போதும் மூச்சுவிடும்போதும் அறியாமல் வதைத்த உயிர்களை நினைத்து மன்னிப்புக் கேட்பது அன்றாடக் கடமை. உலகத்திலேயே கடுமையான சைவர்கள் தங்கள் கை சுத்தம் என்று சொல்லிக்கொள்ளவில்லை. அதைச் சொல்கிறவர்கள் நம்மைப் போன்ற அரைகுறைச் சைவர்கள்தான்.

கணக்கு வைத்தால் எண்ணிக்கையும் குறையும். ரஸ்ஸல், பர்ச் என்ற இருவர் 1959இல் எழுதிய நூல், விலங்குக்குப் பதில் வேறு வழி, முடியாவிட்டால் குறைந்த எண்ணிக்கை, வலி குறைந்த முறை என்று ஆய்வாளருக்கு நெறி வகுத்தது. எத்தனை மீன் போதும் என்று நான் கேட்கத் தொடங்கியது கயோய்க்குப் பிறகுதான்.

பல்கலைக்கழக மானியக் குழு 2014இல் விலங்கியல் வகுப்பில் விலங்கை அறுப்பதை நிறுத்தச் சொன்னது. அதற்கு முன் நம் கல்லூரிகளில் அறுத்த தவளைகளுக்குப் பதிவேடு இல்லை. ஜப்பானில் பல ஆய்வுக்கூடங்கள் சோதனையில் செத்த உயிர்களுக்கு ஆண்டுக்கு ஒருநாள் அஞ்சலி செலுத்துகின்றன. பரங்கிப்பேட்டையிலும் மண்டபத்திலும் தூத்துக்குடியிலும் கடலைப் படிப்பவர்கள் அப்படி ஒருநாளை ஒதுக்க வேண்டும். மந்திரம் வேண்டாம், சாமி வேண்டாம். அந்த வருஷம் கொன்றவற்றின் பட்டியலை மாணவர்கள் முன் உரக்கப் படித்தால் போதும்.