கதை யாருக்குச் சொந்தம்?

“அவரைச் சாகடிக்கலாமா, ஐயா? இது அநியாயம் இல்லையா?”

எட்டாம் வகுப்பு மாணவன் எழுந்து நின்று கேட்டான். கண்களிலே கோபம், குரலிலே நடுக்கம்! நேற்று நம் தெருவிலே நடந்துவிட்ட கொலையைப் பற்றிக் கேட்கிறான் போலும் என்று எண்ணிவிடாதீர்கள், தோழர்களே! இன்னும் ஐந்நூறு ஆண்டுகள் கழித்து, விண்வெளியிலே, இல்லாத ஒரு கப்பலை ஓட்டி, பிறவாத ஒருவன் இறந்ததற்காகத்தான் களமருதூரிலே ஒரு சிறுவன் நியாயம் கேட்டான்.

குற்றவாளி நான்தான். ஆசிரியர் ஒருவர் வரவில்லை; வகுப்பிலே ஒரே கூச்சல்; பிரம்பை நம்பும் பழக்கம் எனக்கில்லை. கதையை நம்பினேன். கல்லூரி விடுதியிலே, நண்பனின் கணினிக்கு முன்னே, இரவு இரவாக விழித்திருந்து பார்த்த அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் கதை அது. ‘ஃபயர்ஃபிளை’ என்று பெயர். மின்மினி என்று பொருள். பெயர் வைத்தவருக்கு ஆரூடம் தெரியும் என்று சொல்லமாட்டேன், எனக்கு ஆரூடத்திலே நம்பிக்கை இல்லை. ஆனால் பெயருக்கேற்ப அது மின்னியது, மறைந்தது!

விடுதலை கேட்டுப் போரிட்டுத் தோற்றவர்களின் கதை. தோற்ற படையின் வீரன் ஒருவன், பழைய கப்பல் ஒன்றை வாங்கி, தான் தோற்ற போர்க்களத்தின் பெயரையே அதற்கு இட்டு, எட்டுப் பேரோடு கோள் விட்டுக் கோள் அலைகிறான். வென்றவர்களின் பேரரசு துரத்துகிறது. ஜாஸ் வீடன் என்பவர் உருவாக்கிய இந்தத் தொடர், 2002 செப்டம்பர் 20 அன்று ஃபாக்ஸ் தொலைக்காட்சியிலே தொடங்கிற்று. தொடங்கியதா? இல்லை, நடுவிலிருந்து எடுத்துப் போட்டார்கள்! கதை மாந்தர் யார், எப்படிக் கூடினார்கள் என்று சொல்லும் முதற்பகுதியை அந்த ஆண்டு டிசம்பர் 20 அன்றுதான் காட்டினார்கள், அதுவும் தொடரை நிறுத்திவிட்டதாக அறிவித்த பிறகு. எடுத்தவை பதினான்கு பகுதிகள், காட்டியவை பதினொன்று. தலையைக் கடைசியிலே வைத்து, காலை முதலிலே வைத்து, ‘இந்த உருவம் நடக்கவில்லையே’ என்று தள்ளிவிட்டார்கள்.

பார்த்தவர்கள் சிலர். அந்தச் சிலர் சும்மா இருக்கவில்லை. கதையிலே தோற்ற படையினர் அணிந்த பழுப்பு நிற மேலங்கியின் பெயரையே தங்களுக்குப் பெயராகச் சூட்டிக்கொண்டார்கள். அஞ்சலட்டை அனுப்பினார்கள். தங்களுக்குள்ளே பணம் திரட்டித் திரைத்தொழில் ஏடான ‘வெரைட்டி’யிலே விளம்பரம் கொடுத்தார்கள். 2003 டிசம்பரிலே தொடர் குறுந்தகடாக வந்தபோது, தமக்கொன்று வாங்கி, நண்பருக்கொன்றும் வாங்கித் தந்தார்கள். விற்பனையைக் கண்ட யூனிவர்சல் நிறுவனம், நின்றுபோன கதையைத் திரைப்படமாகத் தொடர இசைந்தது. கப்பலின் பெயரே படத்தின் பெயர் – ‘செரனிட்டி’. 2005 செப்டம்பர் 30 அன்று வெளிவந்தது.

அந்தப் படத்திலேதான் என் மாணவனின் கோபத்துக்குக் காரணமான நிகழ்ச்சி. கப்பலோட்டியின் பெயர் வாஷ். முன்பலகையிலே டைனோசர் பொம்மைகளை வைத்துக்கொண்டு விளையாடும் நகைச்சுவைக்காரன். குண்டுமழைக்கு நடுவே, சிறகொடிந்த பறவைபோல் விழும் கப்பலை அனைவர் உயிரும் தப்பும்படி தரையிறக்குகிறான். அப்பாடா என்று மூச்சு விடுகிறோம். விட்ட மூச்சு முடியுமுன்னே, வெளியிலிருந்து பாய்ந்த ஈட்டியொன்று கண்ணாடியைப் பிளந்து அவன் மார்பிலே புகுந்துவிடுகிறது. விடைபெறும் உரையில்லை, வீர வசனமில்லை. மனைவி கூப்பிடுகிறாள், அவனிடமிருந்து பதிலில்லை.

அரங்குகளிலே அழுகை! சிலருக்குச் சினம். ‘காசு சேர்த்தோம், கடிதம் எழுதினோம், கதையை உயிர்ப்பித்தோம், அதற்கு இதுவா கைம்மாறு?’ என்றனர் சிலர். படத்தைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை, தொடரோடு கதை முடிந்தது என்றனர் வேறு சிலர். வாஷ் பிழைத்துக்கொண்டதாகத் தாங்களே கதை எழுதி ஆறுதல் தேடினர் இன்னும் சிலர். ‘அந்தச் சாவுதான் படத்துக்கு உயிர், இனி யாரும் தப்புவார்கள் என்ற உறுதி போய்விட்டது, அதனால்தான் கடைசிச் சண்டையிலே நகத்தைக் கடித்தோம்’ என்று வாதாடியவரும் உண்டு. விடுதி அறையிலே அன்று நான் எந்தக் கட்சி? சினந்த கட்சி. கணினியை மூடிவிட்டு வெளியே போய் நின்றேன். அதனால்தான் என் மாணவனுக்கு உடனே விடை சொல்ல நா எழவில்லை.

எண்ணிப் பார்த்தேன். ரசிகர்கள் கேட்டவை இரண்டு. ‘கதையை முடித்துச் சொல்’ என்பது ஒன்று. ‘என் மனம்போல முடி’ என்பது மற்றொன்று. இரண்டும் ஒரே வாயிலிருந்து வருவதால் ஒன்றுபோலத் தோன்றும், ஆனால் ஒன்றல்ல.

முடித்துச் சொல் என்பது நேர்மையான பசி. தொடங்கியவன் சொல்லி முடிப்பான் என்ற நம்பிக்கையிலேதானே கேட்பவன் உட்காருகிறான்? கல்கி 1954இல் மறைந்தபோது ‘அமரதாரா’ பாதியிலே நின்றது. தந்தை விட்டுச்சென்ற குறிப்புகளைக் கொண்டு மகள் ஆனந்தி அதை முடித்துக் கொடுத்தார். வாசகருக்குப் பட்ட கடனை அந்தக் குடும்பம் அடைத்தது என்றே நான் கொள்கிறேன்.

என் மனம்போல முடி என்பது பசியன்று, அதிகாரம். அதிகாரம் அன்பின் உடையிலே வந்தாலும் அதிகாரம்தான். ஆர்தர் கானன் டாயில் 1893இலே ஷெர்லக் ஹோம்ஸை அருவியிலே வீழ்த்தினார். வாசகர் உலகம் விடவில்லை. 1903இலே ‘அவன் சாகவே இல்லை’ என்று எழுதித் தீர்க்கவேண்டி வந்தது. இனிய கதைகள் பிறகும் வந்தன, மறுக்கவில்லை. ஆனால் அந்த அருவி அதற்குப் பிறகு யாரையும் அச்சுறுத்தவில்லையே!

அன்புகூட வேண்டாம், ஆத்திரமே போதும் கதையை நிறுத்த. அதற்கு அமெரிக்கா போகவேண்டியதில்லை. நமக்கு அறிவியல் கதைகளைப் பழக்கிய சுஜாதா, குமுதத்திலே ‘கறுப்பு சிவப்பு வெளுப்பு’ என்றொரு தொடர் எழுதினார், 1857 கிளர்ச்சிக் காலத்தைக் களமாக வைத்து. தங்கள் சாதியை இழிவுபடுத்திவிட்டது என்று ஒரு சாதியார் கொதித்தனர், தொடர் நின்றது. பின்னாளிலே வேறு பெயரிலே, வேறு வடிவிலே மீண்டும் எழுதினார். அந்தப் பெயர்தான் எத்தனை அழகு: ‘ரத்தம் ஒரே நிறம்’! வாசகர் கையிலே கதையின் கடிவாளம் என்றால், சாதியின் கையிலும் அது போய்விடும் என்பதை அந்தப் பெயர் மாற்றம் எனக்குச் சொல்கிறது.

‘அப்படியானால் ரசிகனுக்கு உரிமையே இல்லை, முதலாளி காட்டுவதைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டு போகவேண்டும் என்கிறாயா?’ என்று நண்பர் ஒருவர் மடக்கினார். இல்லை, தோழரே! இதற்குப் பிறகு நடந்ததைக் கேளுங்கள்.

படம் வருமுன்னே ரசிகர்களை நிறுவனம் வாரி அணைத்துக்கொண்டது. முன்னோட்டக் காட்சிகள் என்ன, விளம்பரம் செய்பவருக்கு மதிப்பெண்களும் பரிசுகளும் என்ன! ஊர் ஊராகச் சுவரொட்டி ஒட்டினர் ரசிகர்கள், கூலி கேட்காமல். படத்துக்கு ஏறத்தாழ 3.9 கோடி டாலர் செலவு; உலகெங்கும் வசூல் ஏறத்தாழ 4 கோடி. அரங்குகளின் பங்கு போக, மிஞ்சியது ஏமாற்றம். அடுத்த படம் பிறக்கவில்லை. அணைத்த கை 2006இலே அறிவிப்புக் கடிதம் அனுப்பியது. தாமே வரைந்த படங்களைச் சட்டையிலே பொறித்து விற்ற ரசிகர் ஒருவரிடம், உரிமத் தொகை கட்டு என்றனர் நிறுவனத்தின் வழக்கறிஞர்கள். ரசிகர்கள் என்ன செய்தார்கள்? கல்லெறியவில்லை. கணக்கெழுதினார்கள்! படத்துக்காக நாங்கள் விளம்பர வேலை செய்தது 28,000 மணி நேரத்துக்கு மேல்; கூலி 20 இலட்சம் டாலருக்கு மேல்; தயவுசெய்து செலுத்துக என்று நிறுவனத்துக்கே ஒரு பட்டியல் போட்டார்கள்!

பணம் வரவில்லை. வருமென்று போட்ட பட்டியலும் அல்ல அது. ஆனால் அதைப் படித்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். காரணம் உண்டு. நம்மூர் இளைஞன், நள்ளிரவிலே ஏணி பிடித்துக் கொடி கட்டுகிறானே, பசைவாளியோடு சுவர் சுவராக அலைகிறானே, பாலில்லாத பிள்ளைகள் இருக்கும் தெருவிலே அட்டை உருவத்துக்குப் பால் ஊற்றுகிறானே – அவன் என்றைக்காவது இப்படிக் கணக்கெழுதியிருக்கிறானா? அவனுக்கு அது உழைப்பென்றே தெரியாது. தொண்டு என்று எண்ணுகிறான். கோயில் வாசலிலே கணக்குக் கேட்பதில்லை, அரங்க வாசலிலும் கேட்பதில்லை. கதையின் முடிவை ஆள உரிமை கேட்பவனைக் காட்டிலும், தன் உழைப்புக்குக் கணக்குக் கேட்பவன் எவ்வளவோ தெளிவானவன்!

இன்னொன்றும் செய்தார்கள் அந்தப் பழுப்பு அங்கிக்காரர்கள். 2006 முதல் ஆண்டுதோறும் பல நகரங்களிலே அந்தப் படத்தைத் தாங்களே திரையிட்டு, வரும் பணத்தைப் பெண்ணுரிமைக்காகப் பாடுபடும் ‘ஈக்குவாலிட்டி நௌ’ அமைப்புக்கும் பிற அறப்பணிகளுக்கும் அனுப்பினார்கள். படத்தின் கதையிலேயே அதற்கு வித்து இருக்கிறது. மக்களைச் சாந்தமாக்குகிறேன் என்று பேரரசு ஒரு கோளின் காற்றிலே மருந்தைக் கலக்கிறது. மூன்று கோடி மக்கள். சாந்தமானார்கள், உழைப்பதை விட்டார்கள், உண்பதை விட்டார்கள், கிடந்தவாறே மடிந்தார்கள். சிறு கூட்டம் மட்டும் வெறிபிடித்த கொடியோராயிற்று. உண்மையை அரசு புதைத்தது. அதை ஊரறியச் செய்யத்தான் கப்பல் புறப்படுகிறது, அந்தப் பயணத்திலேதான் வாஷ் சாகிறான். அவனைப் பிழைக்கவைத்துவிட்டால், உண்மைக்கு விலை ஏதும் இல்லை என்றாகிவிடாதா? விடுதியிலே எனக்கு இது தோன்றவில்லை.

மாணவனுக்கு என்ன சொன்னேன்? அவனுக்குத் தெரிந்த ஊரைச் சொன்னேன் – கூவாகம். எங்கள் மாவட்டத்து ஊர்தானே! சித்திரை விழாவுக்கு அவன் வீட்டாரோடு போயிருக்கிறான். கூத்திலே அரவானைப் பார்த்திருக்கிறான். வியாச பாரதத்திலே அரவான் எட்டாம் நாள் போரிலே விழும் வீரருள் ஒருவன், அவ்வளவே. தமிழ் மண்ணுக்கு அது போதவில்லை. பெருந்தேவனாரின் பாரத வெண்பாவிலேயே அவன் களப்பலியாகிவிட்டான். பிறகு நாட்டுமக்கள் இன்னும் சேர்த்தார்கள்: நாளை சாகப்போகிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்? கண்ணனே பெண்ணுருக் கொண்டு ஓரிரவு மனைவியானான் என்று! இன்று திருநங்கையர் ஆயிரக்கணக்கிலே வந்து தாலி கட்டிக்கொள்கிறார்கள், மறுநாள் தாலி அறுத்து, வளை உடைத்து, வெள்ளை உடுத்தி அழுகிறார்கள்.

அந்தப் பூசையிலே எனக்கு நம்பிக்கை இல்லை. கைம்மைக் கோலம் என்ற வழக்கமே ஒழியவேண்டும் என்பவன் நான். ஆனால் அந்த அழுகையைக் கேட்டவன் ஏளனம் செய்யமாட்டான். வீடு துரத்திய, ஊர் சிரித்த மனிதர்கள், ஒரு கதையிலே தங்களுக்கு இடம் கண்டார்கள். எங்கே கண்டார்கள்? மக்கள் சேர்த்த அந்த ஓரிரவிலே! கவனியுங்கள், அரவானைப் பிழைக்கவைக்கவேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஆண்டுதோறும் அவன் சாகிறான். சாவை அழிக்காமல், சாவுக்கு முன்னே ஓர் இரவைச் சேர்த்தார்கள் கதை கேட்டவர்கள். அதற்கு எந்த வியாசரிடமும் அனுமதி கேட்கவில்லை, எந்த வழக்கறிஞரும் கடிதம் அனுப்பவில்லை.

இவ்வளவையும் அந்தச் சிறுவனிடம் சொன்னேனா? பாதி சொன்னேன், மணி அடித்துவிட்டது. முகம் தெளியாமலேதான் போனான்.

நான்கு நாள் கழித்து, இலக்கணப் பயிற்சி எழுதவேண்டிய ஏட்டின் கடைசிப் பக்கங்களை நீட்டினான். வாஷ் கதை. உயிர்ப்பித்திருப்பான் என்று எண்ணிக்கொண்டுதான் படித்தேன். இல்லை. சாவதற்கு முந்தைய இரவு. கப்பலிலே எல்லாரும் உறங்குகிறார்கள். வாஷ் மட்டும் விழித்திருந்து, கால் உடைந்த டைனோசர் பொம்மைக்குப் பசை போட்டு ஒட்டுகிறான். மனைவி வந்து, “தூங்கலையா?” என்கிறாள். “இது காயணும், அப்புறம் தூங்குறேன்” என்கிறான்.

இரண்டு பக்கம், பதினொரு எழுத்துப்பிழை. திருத்திக் கொடுத்தேன். மீதியைத் திங்கட்கிழமை கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டு ஓடினான்.