பெற்றவளுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

க்ரைம் தொடர் பார்க்கிறவர்களுக்கென்று சில கணக்குகள் உண்டு. பெயர் பெற்ற நடிகர் ஒருவர் இரண்டே வசனம் பேசிவிட்டுப் போனால் அவரைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவு சின்ன வேடத்துக்கு அவரைக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். மூன்றாவது எபிசோடிலேயே கைதாகிறவன் கொலைகாரன் இல்லை. இன்னும் ஐந்து பாக்கி இருக்கிறது. எல்லோரும் அழும்போது பின்னால் நின்று தேநீர் ஊற்றிக்கொண்டிருக்கிறவரை ஒருபோதும் விட்டுவிடக் கூடாது. நானும் என் அக்காவும் ஒவ்வொரு எபிசோட் முடிந்ததும் போனில் பேசுவோம். "நீ வேணா பாரு, அந்த ஆளோட கண்ணே சரியில்ல" என்று அவள் தொடங்கினால், நான் என் தியரியைச் சொல்லி முடிக்கப் பாதி ராத்திரி ஆகிவிடும். இந்தச் சந்தோஷத்தை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். கதையை இவ்வளவு கவனமாகப் பார்ப்பது அதை எழுதியவருக்கு நாம் தரும் மரியாதை.

சில தொடர்களின் முடிவை இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிக்கலாம்.

நம் தியரிகளுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. அவை பெரிய ஆளைத் தேடும், வெளி ஆளைத் தேடும். பிபிசியில் 2012இல் தொடங்கிய 'லைன் ஆஃப் டியூட்டி' இதற்கு நல்ல சாட்சி. போலீசுக்குள் இருக்கும் ஊழலைப் போலீசே விசாரிக்கிற கதை. குற்றக் கும்பலுக்கு உள்ளிருந்து உதவும் மேலதிகாரி யார் என்பதற்கு 'எச்' என்ற ஒற்றை எழுத்துதான் தடயம். அந்த எழுத்தை வைத்துக்கொண்டு ரசிகர்கள் வருடக்கணக்கில் தியரி கட்டினார்கள். 2021 மே 2 அன்று ஆறாவது சீசனின் கடைசி எபிசோடை பிரிட்டனில் 1.28 கோடிப் பேர் பார்த்தார்கள். வெளிவந்த பெயர் இயன் பக்கெல்ஸ். திறமை இல்லாமலேயே பதவி உயர்வு வாங்கி வந்த, யாரும் பொருட்படுத்தாத ஒரு மந்தமான அதிகாரி. பலருக்கு ஆத்திரம் வந்தது. இத்தனை வருடம் காத்திருந்தது இவனுக்கா என்றார்கள். எனக்கு அந்த முடிவு பிடித்திருந்தது. பெரிய மூளை எதுவும் தேவைப்படவில்லை. காசுக்காகச் செய்தியைக் கடத்திக்கொடுக்கும் ஒருவனும், அவனைக் கவனிக்காத ஓர் அலுவலகமும் போதுமாக இருந்தது.

வீட்டுக் கதைகளில் இந்தப் பழக்கம் இன்னும் ஆழமானது. 1990இல் 'ட்வின் பீக்ஸ்' வந்தபோது லாரா பால்மரைக் கொன்றது யார் என்று அமெரிக்காவே கேட்டது. விடை அவளுடைய அப்பாவிடம் இருந்தது. புஷ்கர்–காயத்ரியின் 'சுழல்' (2022) மயானக் கொள்ளைத் திருவிழாவின் கூட்டத்திலும் சிமெண்ட் ஆலைத் தகராறிலும் நம்மை அலையவிட்டு, கடைசியில் குடும்பத்துக்குள்ளேயே கொண்டுவந்து நிறுத்துகிறது. இத்தனை பார்த்த பிறகும் அடுத்த தொடரில் நாம் வெளி ஆளைத்தான் முதலில் சந்தேகிக்கிறோம். கொலைகாரன் நம்மோடு உட்கார்ந்து சாப்பிடுகிற ஒருவனாக இருக்கக் கூடாது என்ற ஆசை அது.

இந்த வரிசையில் என்னை அதிகம் பாதித்தது 'பிராட்சர்ச்', 2013இல் வந்த முதல் சீசன். இங்கிலாந்தின் கடலோரச் சிற்றூர் ஒன்றில், செங்குத்தான பாறைக்குக் கீழே டேனி என்ற பதினோரு வயதுப் பையனின் உடல் கிடக்கிறது. விசாரிக்கும் எல்லி மில்லர் அதே ஊர்க்காரி. டேனியின் அம்மா பெத்துக்குத் தோழி. விசாரணையின் நடுவே சூசன் என்ற பெண்ணின் பழைய கதை வெளிவருகிறது. அவளுடைய கணவன் சொந்த மகளையே சீரழித்தவன். எல்லி அவளைப் பார்த்து, உன் வீட்டுக்குள் நடந்தது உனக்கு எப்படித் தெரியாமல் போனது என்று கேட்கிறாள். கடைசி எபிசோடில் குற்றவாளி எல்லியின் கணவன் ஜோ என்று தெரிகிறது. அப்போது பெத் அதே கேள்வியை எல்லியிடம் கேட்கிறாள்.

நம் தெருவிலும் இந்தக் கேள்வி உண்டு. ஏதாவது நடந்துவிட்டால், "பெத்தவளுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?" "கூடவே குடும்பம் நடத்தினவ, ஒண்ணுமே தெரியாதுன்னா நம்பச் சொல்றியா?" செய்தவனைவிட அவன் வீட்டுப் பெண்ணை நோக்கித்தான் இது பெரும்பாலும் வீசப்படுகிறது. கேட்கிறவர் தன்னைக் காத்துக்கொள்ளக் கேட்கிறார் என்று நினைக்கிறேன். அவளுக்குத் தெரிந்திருந்தது என்றால், எனக்கு அப்படி நடக்காது. என் வீட்டில் நடந்தால் எனக்குத் தெரிந்துவிடும். எல்லியும் சூசனிடம் அந்தத் தைரியத்தில்தான் கேட்டாள்.

'பிராட்சர்ச்' தொடரை இரண்டாம் முறை பார்த்தால் ஜோ வரும் ஒவ்வொரு காட்சியும் தடயமாகத் தெரியும். சின்னக் குழந்தையைப் பார்த்துக்கொள்வது, சமைப்பது, மனைவி களைத்து வரும்போது ஆறுதல் சொல்வது எல்லாமே சந்தேகத்துக்குரியதாகிவிடும். ஆனால் நமக்கு முடிவு தெரியும். எல்லிக்கு இருந்தது ஒரு நல்ல கணவனின் அன்றாடம் மட்டுமே. நடித்தவர்களில் பெரும்பாலோருக்கே கொலைகாரன் யார் என்பதைக் கடைசிவரை சொல்லாமல் வைத்திருந்தார்கள். கதைக்குள் வாழ்கிறவளுக்கு மட்டும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும் என்று எப்படி எதிர்பார்ப்பது?

எஸ்.ஜே.சூர்யா நடித்த 'வதந்தி' (2022) இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. கன்னியாகுமரிப் பக்கத்தில் வெலோனி என்ற பெண் இறந்து கிடக்கிறாள். ஊரில் ஆளுக்கொரு வெலோனி. ஒருவர் சொல்லும் பெண்ணுக்கும் இன்னொருவர் சொல்லும் பெண்ணுக்கும் சம்பந்தமே இல்லை. அதைப் பார்க்கும்போது எனக்கு உறைத்தது இதுதான்: ஊர் செய்துகொண்டிருந்ததும் தியரி கட்டும் வேலையே. கற்பனைப் பெண்ணைப் பற்றி நாம் போனில் பேசுவதால் யாருக்கும் நஷ்டமில்லை. உண்மையில் ஒரு பெண் காணாமல் போகும்போது அதே வாயால் அதே வேகத்தில் பேசுகிறோமே, அதை விட்டாக வேண்டும். அங்கே ஒரு குடும்பம் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

2025 மார்ச்சில் வந்த 'அடோலசன்ஸ்' நம்மிடமிருந்து தியரியையே பிடுங்கிக்கொண்டது. நான்கு எபிசோட்கள், ஒவ்வொன்றும் வெட்டே இல்லாத ஒரே ஷாட். பதின்மூன்று வயது ஜேமி, கேட்டி என்ற சக மாணவியைக் குத்திக் கொன்றதாகக் கைதாகிறான். செய்திருக்க மாட்டான், வேறு யாரோ என்று நம் மூளை வழக்கமான வேலையைத் தொடங்கும்போதே, முதல் எபிசோடின் முடிவில் சிசிடிவி பதிவைப் போட்டுக் காட்டிவிடுகிறார்கள். அவன்தான். பக்கத்தில் அவனுடைய அப்பா உட்கார்ந்திருக்கிறார். மிச்சமிருக்கும் மூன்று எபிசோடுகளுக்கு யார் என்ற கேள்வி கிடையாது.

நான்காவது எபிசோடில் அப்பாவும் அம்மாவும் படுக்கையறையில் உட்கார்ந்து தங்களையே விசாரித்துக்கொள்கிறார்கள். பையன் தன் அறைக்குள்தானே இருந்தான், பத்திரமாக இருக்கிறான் என்று நினைத்தோம் என்கிறார்கள். அதே வீட்டில், அதே இருவர் வளர்த்த மகள் லிசா இருக்கிறாள். அந்தச் சூழ்நிலையிலும் அவர்களைத் தாங்கிப்பிடிக்கிறவள் அவள்தான். வளர்ப்பைக் குறை சொல்ல வருகிறவர்கள் அவளுக்கும் சேர்த்துக் கணக்குச் சொல்ல வேண்டும். எனவே "பெத்தவளுக்குத் தெரியாமலா" என்று யாராவது தொடங்கினால் நான் இப்போது மறுத்துப் பேசுகிறேன். தெரியாமல் இருந்திருக்கலாம் என்கிறேன். வீட்டில் இருப்பவர்களை நம்புவதற்கு ஒரு விலை இருக்கிறது; எப்போதாவது ஒரு குடும்பம் அதைக் கொடுக்க நேர்கிறது. அதற்குப் பயந்து கணவனையும் பிள்ளையையும் நாள் முழுக்கத் துப்பறிந்துகொண்டிருந்தால் அந்த வீட்டில் யாராலும் மூச்சுவிட முடியாது.

அப்படியானால் ஒன்றுமே செய்ய முடியாதா? 'அடோலசன்ஸ்' இரண்டாம் எபிசோடில் விசாரணை அதிகாரி பாஸ்கோம் பள்ளிக்கூடத்துக்குப் போகிறார். அவருடைய மகன் ஆடமும் அங்கேதான் படிக்கிறான். அப்பா ஒன்றும் புரியாமல் தடுமாறுவதைப் பார்க்கச் சகிக்காமல் அவன்தான் தனியாக அழைத்து, இன்ஸ்டாகிராமில் கேட்டி போட்ட எமோஜிகளுக்குப் பிள்ளைகளிடையே என்ன அர்த்தம் என்று சொல்லித்தருகிறான். நட்பென்று போலீஸ் நினைத்தது அவமதிப்பு. வழக்கின் காரணமே அங்கேதான் பிடிபடுகிறது. அதோடு, தன் மகனும் அந்தப் பள்ளியில் கேலிக்கு ஆளாகிறவன் என்பதும் அவருக்குத் தெரியவருகிறது. அன்று மாலை அவனைச் சாப்பிட அழைத்துப் போகிறார்.

சமீபத்தில் வந்த க்ரைம் தொடர்களில் ஆகச் சிறந்த துப்பறிதல் எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். பாஸ்கோம் மகனின் போனை எடுத்துப் பார்க்கவில்லை, மடக்கிக் கேள்வி கேட்கவில்லை. அவன் சொன்னபோது, தனக்குத் தெரியாது என்பதை ஒப்புக்கொண்டு கேட்டுக்கொண்டார். ஜேமியின் அப்பாவும் கெட்டவர் இல்லை, உழைப்பாளி, பிள்ளையை அடிக்காதவர். அவருக்கு இப்படிச் சொல்லித்தர யாரும் வரவில்லை. நம் வீட்டுப் பிள்ளை இப்படி ஒரு விஷயத்தை நம்மிடம் வந்து சொல்வானா என்பது எனக்குக் கொலைகாரன் யார் என்பதைவிடப் பெரிய கேள்வியாகிவிட்டது. அக்காவும் நானும் இப்போதெல்லாம் அதைத்தான் அதிகம் பேசுகிறோம்.