உறைந்த அணுவில் உயிர் எங்கே?

வெலிமடையைத் தாண்டி நுவரெலியாப் பக்கம் ஏறினால், ஜனவரி, பெப்ரவரி விடியல்களில் சில நாள் தேயிலைமேல் உறைபனி படிந்திருக்கும். வெயில் ஏறியதும் கொழுந்து கறுத்துச் சுருளும். குளிர் கொன்றுவிட்டது என்று தோன்றும். ஆனால் இலைக்கு நேர்ந்தது பெரும்பாலும் வறட்சிதான். இலையின் உயிரணுக்களுக்கு வெளியே உள்ள நீர் முதலில் உறைகிறது. உள்ளே இருக்கும் நீரையும் அது வெளியே இழுத்துவிடுகிறது.

எலும்பு மச்சையிலும் தொப்புள்கொடிக் குருதியிலும் இருந்து எடுக்கும் குருத்தணுக்களைச் சேமிக்க உறையவைக்கும்போதும் இதே ஆபத்து உண்டு. மிக மெதுவாகக் குளிர்வித்தால், வெளியே எஞ்சிய நீரில் உப்புச் செறிந்து அணு வற்றிச் சுருங்கும். அவசரப்பட்டால், நீர் வெளியேற நேரமின்றி உள்ளேயே பனிப்படிகம் விளைந்து அணுவைக் கிழிக்கும். இந்த இரட்டை ஆபத்தை 1972இல் பீட்டர் மசூரும் அவரது குழுவினரும் விளக்கினார்கள். அதனால்தான் டைமெத்தில் சல்பாக்சைடு என்ற காப்புத் திரவத்தைச் சுமார் 10 சதவீதம் கலந்து, நிமிடத்துக்கு 1 பாகை வீதம் குளிர்விக்கிறார்கள். பிறகு மைனஸ் 196 பாகையில், திரவ நைட்ரஜனில் வைக்கிறார்கள். உருக்கும்போதும் கவனம் வேண்டும். காப்புத் திரவம் ஊறிய அணுவைச் சட்டென்று சாதாரணக் கரைசலில் விட்டால், நீர் உள்ளே பாய்ந்து அணு வீங்கி உடையும். ஆழ்ந்த குளிர் அணுவைக் கொல்வதில்லை. அங்கே போகும் வழியும் திரும்பும் வழியுமே கொல்கின்றன.

அந்தக் குளிரில் கிடக்கும் அணு சுவாசிப்பதில்லை, உண்பதில்லை, பிரிவதில்லை. அது உயிரோடு இருக்கிறதா?

சைவ சித்தாந்தம் ஆன்மாவுக்கு ஐந்து அவத்தைகளை, அதாவது நிலைகளைச் சொல்கிறது. கடைசியான துரியாதீதத்தில் மூச்சும் அடங்குகிறது. ஆனாலும் ஆன்மா உடலை விட்டுப் போய்விடவில்லை. அசைவின்மையும் மரணமும் ஒன்றல்ல என்ற தெளிவு அதில் இருக்கிறது. ஆனால் அது ஒரு முழு உயிரைப் பற்றிய பேச்சு, தனி அணுவைப் பற்றியது அல்ல. உறையவைக்கும் வித்தை அன்றே நம்மவருக்குத் தெரியும் என்று அதைக் காட்டி மார்தட்டுவது சாத்திரத்துக்கும் நியாயமல்ல, அறிவியலுக்கும் நியாயமல்ல.

1988இல் பாரிஸின் சென் லூயி மருத்துவமனையில் ஒரு சிறுவனுக்கு, அமெரிக்காவில் உறையவைத்துக் கொண்டுவந்த அவனது தங்கையின் தொப்புள்கொடிக் குருதியை ஏற்றினார்கள். பேராசிரியர் எலியான் குளுக்மான் தலைமையில் நடந்த சிகிச்சை அது. ஃபன்கோனி இரத்தசோகை நோயாளியான அவன் பிழைத்தான். தங்கையின் அணுக்கள் அவன் உடலில் குருதியை உண்டாக்கின. தங்கையின் ஆன்மா இரண்டாகப் பிளந்ததா? இல்லை. அணுவின் உயிர் வேறு, ஆன்மா வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. முன்னதைப் பகிரலாம், பகிர்ந்தால் எவருக்கும் குறைவில்லை.

கண்தானத்தில் உலகறிந்த நாடு இலங்கை. மச்சை தானத்தைக் கண்டு நாம் மிரளத் தேவையில்லை. பதுளை வைத்தியசாலைக்குத் தலசீமியாப் பிள்ளையைக் குருதி ஏற்ற அழைத்துவரும் தோட்டத்துத் தாய், தகப்பன்மாருக்கு ஒரு வார்த்தை: அந்த நோய்க்கும் மச்சை மாற்றுச் சிகிச்சை உண்டு; உடன்பிறந்த ஒருவரின் மச்சை முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று. பரிசோதிக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். சாமி குற்றம் ஏதும் வராது.