கைதட்டலும் வினையாகுமோ?

திரைப்படம் பார்த்துவிட்டு வெளியே வருவோரிடம் "படம் எப்படி?" என்று கேட்டால், பெரும்பாலும் ஒரு சொல்லிலேயே விடை கிடைக்கும். "அருமை" என்பார் சிலர். "சுமார்" என்பார் சிலர். "சண்டைகள் நன்று, கதைதான் இல்லை" என்பார் வேறு சிலர். அமெரிக்க நாட்டில் இத்தகைய விடைகளைத் திரட்டுவதையே தொழிலாகக் கொண்ட நிறுவனம் ஒன்று 1979ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. சினிமாஸ்கோர் என்பது அதன் பெயர். படம் வெளியாகும் முதல் நாளன்று அரங்கிற்கு வந்தோரிடம் ஓர் அட்டையைக் கொடுத்து, 'ஏ' முதல் 'எஃப்' வரையிலான எழுத்துகளால் படத்தை மதிப்பிடச் சொல்வது அதன் வழக்கம். 2019ஆம் ஆண்டு வெளிவந்த 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' என்னும் சூப்பர் ஹீரோ படம் அம்மதிப்பீட்டில் மிக உயர்ந்த 'ஏ பிளஸ்' பெற்றது. உலகெங்கும் ஏறத்தாழ 280 கோடி டாலர் வசூலும் ஈட்டியது.

அப்படத்தை நானும் பார்த்தேன். கோடை விடுமுறைக்கு வந்திருந்த பேரனும் பேத்தியும் வற்புறுத்தியதால் தமிழ் மொழிமாற்றத்தில் பார்க்க நேர்ந்தது. என் கையில் அந்த அட்டையைக் கொடுத்திருந்தால் நானும் அதே மதிப்பெண்ணைத்தான் அளித்திருப்பேன். ஆயின் அன்று என் உள்ளத்தில் நிகழ்ந்த ஒன்று எந்த மதிப்பெண்ணிலும் அடங்காது. அதனை நம் குடும்பத்தார் முன் வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரு தூசிகள்

படத்தைப் பார்த்திராத அன்பர்களுக்காகக் கதையைச் சுருக்கிக் கூறுகிறேன். 2018ஆம் ஆண்டு வந்த 'இன்ஃபினிட்டி வார்' என்னும் முந்தைய படத்தில், தானோஸ் என்னும் கொடியோன், உயிர்கள் அளவிறந்து பெருகிவிட்டமையே உலகங்களின் துன்பத்திற்குக் காரணம் என்று கருதுகிறான். பேராற்றல் வாய்ந்த ஆறு கற்களைத் திரட்டித் தன் கையுறையில் பதித்து, விரலைச் சொடுக்கிய அளவில் பாதி உயிர்களை அழித்துவிடுகிறான். அழிந்தோர் குருதி சிந்தி வீழவில்லை; நின்ற நிலையிலேயே தூசியாக உதிர்ந்து காற்றில் கலக்கின்றனர். ஸ்பைடர்மேனாக வரும் இளைஞன், தந்தையைப் போல் தன்னைப் பேணியவரைக் கட்டிக்கொண்டு, போக மனமின்றிக் கதறியவாறே உதிர்ந்துபோகும் காட்சியைக் கண்டு கலங்காதார் அரியர். அப்படத்தை வீட்டுத் தொலைக்காட்சியில் பார்த்தபோது என் பேத்தி அழுதாள். என் கண்களும் நனைந்தன என்பதை மறைப்பானேன்?

'எண்ட்கேம்' படத்தில், தூசியாகிப் போனோர் ஐந்தாண்டுகளுக்குப் பின் மீட்கப்படுகின்றனர். பெரும்போர் மூள்கிறது. முடிவில் டோனி ஸ்டார்க் என்னும் வீரன் அக்கற்களைத் தன் கையில் ஏற்று விரலைச் சொடுக்குகிறான். தானோஸின் படையினர் அனைவரும் தூசியாக உதிர்கின்றனர். தானோஸும் சோர்ந்து ஓரிடத்தில் அமர்ந்து அவ்வாறே உதிர்கிறான். முந்தைய படத்தில் கண்ட அதே சொடுக்கு, அதே தூசி. ஆயின் இம்முறை அரங்கம் அதிரக் கைதட்டல் எழுந்தது. தட்டிய கைகளுள் என் கைகளும் இருந்தன.

அப்பொழுது எட்டு வயதே நிரம்பியிருந்த என் பேத்தி என் பக்கம் திரும்பி, "இவங்களும் திரும்பி வருவாங்களா தாத்தா?" என்று கேட்டாள். முன்பு தூசியானவர்கள் திரும்பி வந்ததைக் கண்ட குழந்தையின் இயல்பான வினா அது. நான் சற்றும் எண்ணாமல், "அவங்க கெட்டவங்கம்மா, வரமாட்டாங்க" என்றேன். அவளும் அமைதியடைந்து திரைப் பக்கம் திரும்பிவிட்டாள். அவ்விடை அன்றிரவு முதல் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஓர் உயிரின் அழிவைக் கண்டு மகிழலாம், அவ்வுயிர் கெட்டதாயிருந்தால் போதும் என்னும் பாடத்தை, நாள்தோறும் அகிம்சையைப் பேசும் இவ்வாயாலேயே அக்குழந்தைக்குக் கற்பித்துவிட்டேனே!

மாக்கோழியின் நினைவு

இதனை என் பேரனிடம் கூறியபோது அவன் நகைத்தான். "தாத்தா, திரையில் யாரும் உண்மையில் சாகவில்லையே! தானோஸ் என்பது கணினியால் வரையப்பட்ட உருவம். சாகாத உயிருக்காக யார் மீது வினை சேரும்?" என்றான். இது அவன் ஒருவன் கருத்தன்று. பொழுதுபோக்கிற்காகப் படம் பார்க்கும் பலரும் கூறும் சமாதானம் இதுவே. இதனை எளிதில் தள்ளிவிட இயலாது.

ஆயினும் இவ்வினாவை நம் முன்னோர் முன்பே எழுப்பி விடையும் கண்டுள்ளனர். யசோதர காவியத்தின் கதையை நம்மில் அறியாதார் இலர். உயிர்ப்பலி இட அஞ்சிய மன்னன் யசோதரன், தாய் சந்திரமதியின் சொல்லைத் தட்டவும் மாட்டாமல், மாவினால் கோழி ஒன்று செய்வித்து அதனை வாளால் வெட்டிப் பலி கொடுத்தான். மாவிற்கு உயிரில்லை. எனினும் அச்செயலின் பயனாகத் தாயும் மகனும் விலங்குப் பிறவிகள் பலவற்றில் உழன்றனர் என்று காவியம் கூறுகிறது. அவன் மாவை மாவென்று கருதி வெட்டவில்லை. கோழியென்று கருதியே வெட்டினான். வினை பற்றியது அந்தக் கருத்தினையே ஆகும்.

இதனைக் கொண்டு, படம் பார்ப்பவனும் யசோதரனும் ஒரே குற்றம் புரிந்தோர் என்று கூற நான் துணியேன். அவன் வாளைத் தன் கையில் எடுத்தான். நாம் இருக்கையில் அமர்ந்திருக்கிறோம். ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். திரையில் தோன்றுவன வெறும் ஒளியும் நிழலும் என்று கருதியா நாம் படம் பார்க்கிறோம்? அவ்வாறு கருதினால் கண்ணீரும் வாராது, களிப்பும் தோன்றாது. அந்த இளைஞன் உதிர்ந்தபோது நாம் சிந்திய கண்ணீர் மெய்யான இரக்கம் என்றால், தானோஸின் படை உதிர்ந்தபோது நாம் கொண்ட களிப்பும் மெய்யானதே. கண்ணீரை நம் நற்பண்பின் கணக்கில் எழுதிக்கொண்டு, களிப்பை மட்டும் "வெறும் படந்தானே" என்று தள்ளுபடி செய்வது நேர்மையான கணக்காகாது.

செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என மூவழியாலும் வினை சேரும் என்பது நம் நூல்களின் துணிபு. கொலையில் மகிழும் எண்ணத்தை இம்சானந்தம் எனப் பெயரிட்டு, ரௌத்திர தியானத்தின் வகைகளுள் ஒன்றாக வைத்தனர். அங்கே பேசப்படுவது கொல்லும் கை அன்று, மகிழும் மனம்.

வீரன் மகிழவில்லை

இங்கே ஒரு நியாயத்தை மறுத்தல் கூடாது. டோனி ஸ்டார்க்கின் செயல் தற்காப்பேயாகும். தாக்க வந்த பகைவரிடமிருந்து பிறரைக் காத்தல் கருதி நிகழும் இம்சையை விரோதி இம்சை எனத் தனியே பிரித்து, இல்லறத்தார்க்கு அதனை முற்றிலும் விலக்காமல் விட்டனர் பெரியோர். எனவே அவ்வீரன் செய்தது தவறா என்பது என் வினா அன்று. அவன் களிப்போடு சொடுக்கவில்லை. தன் உயிரையே விலையாகக் கொடுத்துச் சொடுக்கினான். அவன் உடல் கருகிச் சாய்ந்தது. களிப்பு முழுவதும் அரங்கில் அமர்ந்திருந்த நம்முடையது. காக்கும் கடமை எதுவும் நமக்கு அங்கே இல்லை, இழப்பும் இல்லை. மகிழ்ச்சி ஒன்றே நம் பங்காயிற்று.

'ஜான் விக்' (2014) என்னும் அதிரடிப் படத்தை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். இறந்த மனைவி அன்போடு விட்டுச்சென்ற நாய்க்குட்டியைக் கொடியவர் கொன்றுவிடுகின்றனர். அதற்குப் பழிவாங்கப் புறப்பட்டவன் படம் முடியுமுன் எண்ணற்றோரைச் சுட்டு வீழ்த்துகிறான். அப்படம் பெருவரவேற்புப் பெற்று 2017, 2019, 2023 ஆகிய ஆண்டுகளில் மூன்று தொடர்ச்சிகளையும் கண்டது. படம் பார்த்தோர் பலர் நாய்க்குட்டிக்காக வருந்துவர். சுடப்பட்டோரை ஒருகணமும் நினையார். ஜீவதயை உடைய நம் வீட்டுப் பிள்ளைகளும் இதற்கு விலக்கல்லர். "நாய்க்குட்டியைக் கொன்றவனுக்கு இது வேண்டும்" என்னும் சொல்லை நானே கேட்டிருக்கிறேன். வாயற்ற உயிரிடம் கொண்ட இரக்கமே, மற்ற உயிர்களின் அழிவைச் சுவைப்பதற்கு அனுமதிச் சீட்டாகிவிடும் விந்தையை என்னென்பது!

சிந்தாமணியில் போர் இல்லையா?

என் பேரன் இத்துடன் விடவில்லை. "நம் தேவர் பாடிய சீவக சிந்தாமணியில் போர் இல்லையா? சீவகன் கட்டியங்காரனைக் கொல்லவில்லையா? அதைப் போற்றிப் படிக்கிறோமே!" என்றான். நல்ல கேள்வி. விடை தேடி அக்காவியத்தை மீண்டும் எடுத்துப் பார்த்தேன்.

திருத்தக்க தேவர் போரைப் பாடினார்; ஆயின் வெற்றியோடு நூலை முடிக்கவில்லை. பல்லாண்டுகள் அரசாண்ட பின் ஒருநாள் சீவகன் சோலையில் ஒரு காட்சியைக் காண்கிறான். ஆண்குரங்கு ஒன்று தன் துணைக்குப் பலாப்பழத்தை எடுத்து ஊட்ட, காவலன் அவற்றை ஓட்டிவிட்டு அப்பழத்தைப் பறித்துக்கொள்கிறான். அதனைக் கண்ட சீவகன், பழத்தை இழந்த குரங்கினிடத்துக் கட்டியங்காரனையும், பறித்துக்கொண்ட காவலனிடத்துத் தன்னையும் காண்கிறான். அரசைத் துறக்கிறான். தன் தந்தையைக் கொன்ற பகைவனை, அவன் மாண்டு நெடுங்காலம் சென்ற பின்னரும், இழந்தவன் என்று எண்ணி நெகிழும் உள்ளம் அது. என் பேத்தி கேட்டாளே, "இவங்களும் திரும்பி வருவாங்களா?" என்று, அவ்வினாவுக்கு அருகில் நிற்கும் உள்ளமும் அதுவே. ஆகவே ஒரு கதையில் போர் உண்டா இல்லையா என்பதன்று அளவுகோல். வீழ்ந்தவனை நாம் மீண்டும் திரும்பிப் பார்க்கிறோமா என்பதே அளவுகோல்.

மக்கள் உள்ளம் மரத்துவிடவில்லை

பொதுமக்களிடம் இவ்வுணர்வு அற்றுப்போய்விட்டது என்று கூறுதல் பிழை. 2013ஆம் ஆண்டு வந்த 'மேன் ஆஃப் ஸ்டீல்' படத்தில், ஒரு குடும்பத்தைக் காப்பதற்காகச் சூப்பர்மேன் தன் எதிரியின் கழுத்தை முறித்துக் கொன்றுவிட்டுக் கதறுகிறான். சினிமாஸ்கோரில் 'ஏ மைனஸ்' பெற்ற படந்தான். எனினும் பார்த்தோருள் பலர் அம்முடிவை ஏற்கவில்லை. சூப்பர்மேன் கதைகளை எழுதிய மார்க் வெய்டு அவர்களே வெளிப்படையாக வருந்தினார். சண்டையில் சரிந்த மாடிக் கட்டடங்களுக்குள் இருந்த மக்கள் என்ன ஆயினர் என்று கேட்டோரும் உண்டு. 2016இல் வந்த அடுத்த படம் அந்த இடிபாடுகளுக்கு நடுவே, கால்களை இழந்த ஊழியனையும் தாயைத் தேடும் சிறுமியையும் காட்டியே கதையைத் தொடர்ந்தது.

2021ஆம் ஆண்டின் 'ஸ்பைடர்-மேன்: நோ வே ஹோம்' இன்னும் ஒருபடி மேலே சென்றது. எதிரிகளை அவரவர் உலகிற்குத் திருப்பியனுப்பினால் அவர்கள் மடிந்துபோவர் என்று அறிந்த இளைஞன், அவர்களைக் குணப்படுத்தியே அனுப்புவேன் என்று நிற்கிறான். அதனால் தாயினும் இனிய அத்தையை இழக்கிறான். கொன்றவனைப் பழிவாங்கக் கை ஓங்குகிறான். அப்பொழுது மூத்தவன் ஒருவன் இடையே புகுந்து அக்கையைத் தடுக்கிறான். எதிரி கொல்லப்படாமல் குணமடைகிறான். இப்படமும் 'ஏ பிளஸ்' பெற்றது. 190 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. மல்யுத்தத்தில் அண்ணன் பரதனைத் தூக்கிய பாகுபலி, அவனை நிலத்தில் அறையாமல் இறக்கிவிட்ட கதையைக் கேட்டு வளர்ந்த எனக்கு, ஓங்கிய கை நின்ற அக்காட்சி அயலாகத் தோன்றவில்லை. எதிரி மாண்டால்தான் மக்கள் மகிழ்வர் என்னும் எண்ணத்தைப் பொய்யாக்கியவர்கள் அப்படத்தைப் பார்த்த மக்களேயாவர்.

ஆகவே பிள்ளைகளைத் திரையரங்கிற்கு அனுப்பாதீர் என்று நான் கூறவரவில்லை. கூறினாலும் கைப்பேசியிலேயே படம் காணும் இக்காலத்தில் அது நடவாது. படம் பார்த்துத் திரும்பும் பிள்ளையிடம் "படம் எப்படி?" என்று மட்டும் கேட்டு நிறுத்தாமல், "நீ எப்போது கைதட்டினாய்? அப்போது திரையில் என்ன நடந்தது?" என்றும் கேட்போமாக. கண்டிக்கும் குரலில் அன்று. நாமும் தட்டினோம் என்று ஒப்புக்கொள்ளும் குரலில் கேட்போமாக. பிரதிக்கிரமணம் செய்யும் மரபினர்க்கு இது புதிய பயிற்சி அன்று.

என் பேத்தி இப்பொழுது உயர்நிலைப் பள்ளியில் பயில்கிறாள். அன்று கேட்ட வினாவை அவள் மறந்திருக்கக்கூடும். வரும் விடுமுறைக்கு அவள் வரும்போது அதனை நானே நினைவூட்டி, அன்று அவசரத்தில் தந்த விடை தவறு என்று சொல்ல எண்ணியிருக்கிறேன். சரியான விடை எது என்று அவள் கேட்டால், இருவரும் சேர்ந்துதான் எண்ண வேண்டும்.