ஆயுதம் ஏந்தியவனிடத்தும் அறம் உரைத்தல்





சென்ற பௌர்ணமி உபோசதத்தன்று பாறசாலையில் நாம் கூடியிருந்தபோது, பஞ்சசீலம் ஏற்று ஓராண்டும் நிறையாத உபாசகர் ஒருவர் எழுந்தார். களியக்காவிளைக்கு அப்பால், ஈழத்து ஏதிலியர் முகாமொன்றில் வாழும் குடும்பத்தில் பெண் கொண்டவர் அவர். அவர் இரண்டு வினாக்களை விடுத்தார். "கொல்லாமையை முதற்சீலமாகக் கொண்ட நாம், கொலை புரியும் படைக்கூட்டத்தாரோடு பேசலாமோ? பேசினால் அவர்தம் பாவத்தில் நமக்கும் பங்கு வாராதோ?" என்பது ஒன்று. "புத்தரை வணங்குவோர் ஆளும் நாட்டில் என் மனைவியின் சுற்றத்தார் குண்டுக்கு இரையாயினர். அந்தப் புத்தரையே நான் சரணடைந்தேன். அவளுக்கு யாது விடை பகர்வேன்?" என்பது மற்றொன்று. அன்று கூட்டம் அமைதியாயிற்று. அவ்விரு வினாக்களையும் ஈண்டு ஆராய்வோம்.

முதல் வினாவிற்குப் பகவானின் வாழ்க்கையே விடையாகும். கோசல நாட்டில் அங்குலிமாலன் என்னும் கொடியோன் ஊர்களைப் பாழாக்கினான். கொன்றவர் விரல்களை மாலையாக அணிந்தான். அவன் இருந்த வழியே பகவான் புறப்பட்டார். ஆயரும் உழவரும் பலமுறை தடுத்தனர். அவர் மறுமொழி கூறாது நடந்தார். கையில் வாள் இல்லை. உடன் காவலர் இல்லை. அவன் முன்னே நின்று, கொலையை நிறுத்துமாறு அவனுக்கு அறம் உரைத்தார். அவன் செய்த கொலைகள் சரியென்று அவர் ஒருபோதும் கூறவில்லை. பேசியதனால் அக்கொலைகளில் அவருக்குப் பங்கும் வரவில்லை. அவனிடம் ஒருவரும் பேசாதிருந்தால் பாதுகாக்கப்பட்டிருக்கப் போவது யார்? அடுத்து அவ்வழியே வரும் ஏழை வழிப்போக்கன் அல்லன்.

இக்கருத்தையே உலக நாடுகள் பிற்காலத்தில் சட்டமாக வகுத்தன. 1859-ஆம் ஆண்டு சோல்பரீனோப் போர்க்களத்தில் கேட்பாரற்றுக் கிடந்த காயமுற்றோரைக் கண்டு உள்ளம் நொந்த ஹென்றி டூனாண்ட் என்பாரின் முயற்சியால் செஞ்சிலுவை இயக்கம் தோன்றியது. 1949-ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைகள் நான்கிற்கும் பொதுவான மூன்றாம் விதி, ஒரே நாட்டினுள் நிகழும் போருக்கும் உரியது. போரில் பங்கு கொள்ளாதவரையும், ஆயுதத்தைக் கீழே வைத்தவரையும், காயமுற்றவரையும் மனிதத் தன்மையோடு நடத்துக என்று அது அரசிற்கும் ஆணையிடுகிறது. அரசை எதிர்ப்போர்க்கும் ஆணையிடுகிறது. பக்கஞ்சாராத அறநிலையம் இருதரப்பார்க்கும் தன் தொண்டை அளிக்க முன்வரலாம் என்கிறது. இவ்விதியைப் பின்பற்றுவதால் எத்தரப்பின் சட்டநிலையும் மாறாது என்றும் தெளிவுறக் கூறுகிறது. ஆயுதக் குழுவோடு பேசுவது அதற்கு அங்கீகாரம் அளிப்பதன்று என்பது இதனால் விளங்கும்.

ஈழத்தில் நிகழ்ந்ததைப் பார்ப்போம். 1987 அக்டோபர் 21, 22 ஆகிய நாட்களில், யாழ்ப்பாண மருத்துவமனையினுள் நோயாளிகளும் மருத்துவர்களும் தாதியரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். சுட்டவர் நம் இந்தியப் படையினர் என்பதை நாம் மறைத்தல் தகாது. அதே மருத்துவமனையை 1990-இல் சர்வதேசச் செஞ்சிலுவைச் சங்கம் தன் பாதுகாப்பில் கொண்டது. அதற்கு அரசோடு மட்டும் பேசினால் போதுமா? போதாது. விடுதலைப் புலிகளோடும் பேச வேண்டியிருந்தது. இருதரப்பும் இசைந்தாலன்றி அக்கட்டடத்தின் மேல் எழுதிய சிலுவைக் குறி வெறும் வர்ணமேயாகும்.

2009-ஆம் ஆண்டு வன்னியின் கடற்கரையில் மக்கள் நெருக்குண்டு கிடந்தபோதும் இம்முறையே நடந்தது. பிப்ரவரி முதல் மே மாதத் தொடக்கம் வரை, அக்கரையிலிருந்து காயமுற்றோரும் அவர்தம் துணைவருமாகப் பதின்மூவாயிரத்திற்கும் மேற்பட்டோரைச் செஞ்சிலுவைச் சங்கத்தார் கப்பல் வழியே மீட்டனர். ஒவ்வொரு முறையும் இருதரப்பாரின் உறுதிமொழியையும் பெற வேண்டியிருந்தது. "யார் பக்கம் நியாயம்" என்ற வாதத்தில் அவர்கள் இறங்கவில்லை. காயமுற்றவனுக்கு வழிவிடுக என்பதே அவர் கேட்டது. அப்பணியில் அச்சங்கத்தின் ஊழியரும் உயிர் நீத்தனர். மே மாதத்தில் கப்பல் கரையை அணுக இயலாத நாளும் வந்தது.

அன்பர்காள்! நன்மொழிக்குப் பகவான் ஐந்து இலக்கணம் வகுத்தார். காலமறிந்து பேசுதல், மெய்யே பேசுதல், மென்மையாகப் பேசுதல், பயனுடையதைப் பேசுதல், அன்புள்ளத்தோடு பேசுதல் என்பன அவை. கப்பல் வர வேண்டிய வேளையைக் குறித்தது காலமறிந்த சொல். எத்தரப்பையும் ஏய்க்காதது மெய்ச்சொல். துப்பாக்கி ஏந்தியவனிடம் பேசும் தொண்டருக்கு வேறு படைக்கலம் ஏது? ஒருமுறை பொய்த்தால் மறுமுறை கப்பல் வாராது. கரையில் கிடப்பவன் மடிவான்.

ஆனால் நற்சொல் எப்போதும் வெல்லுமோ? வெல்லாது. சாக்கியர்மேல் படையெடுத்த விடூடபனைப் பகவான் மும்முறை வழியில் தடுத்தார். நிழலற்ற மரத்தடியில் அமர்ந்து, சுற்றத்தாரின் நிழலே தமக்குக் குளிர்ச்சி என்று உணர்த்தினார். அவன் மும்முறையும் திரும்பினான். நான்காம் முறை தடுப்பார் இலர். சாக்கியர் குலம் அழிந்தது. அதனால் முதல் மூன்று முறை சென்றது வீண் என்போமா? அத்தனை நாட்கள் எத்தனை தாய்மார் தம் மக்களோடு உறங்கினர் என்பதை எண்ணுக. மே மாதத்தில் நின்றுபோன கப்பலையும் அவ்வாறே எண்ணுக.

இனி இரண்டாம் வினா. அதற்கு நாம் சாக்குச் சொல்லப் போவதில்லை. சீவரத்தை வணங்கியவாறே அப்போரை வாழ்த்தியோர் இருந்தனர். அது தம்மமன்று, தம்மத்தின் பெயரைத் திருடியதாகும். மறுபுறமும் காண்க. 1985-இல் அனுராதபுரத்தில் போதிமரத்தை வணங்க வந்த எளியோரும், 1987-இல் அரந்தலாவையில் பேருந்தில் சென்ற இளம் பிக்குகளும் புலிகளால் கொல்லப்பட்டனர். 1990-இல் வடபுலத்து முஸ்லிம் மக்கள் அவர்களால் ஊரைவிட்டே துரத்தப்பட்டனர். நம் இனத்தான் செய்தது என்பதற்காக இதனை மறைத்தால், நாமும் பகவானின் பெயரைத் திருடியவராவோம். சோதரரே, உம் மனைவியாரிடம் சொல்லும்: "உன் சுற்றத்தாரைக் கொன்ற கையில் புத்தர் இல்லை, அவர்களைத் தூக்கிக் கப்பலில் ஏற்றிய கையில் அவர் இருந்தார், அக்கையைத்தான் நான் சரணடைந்தேன்" என்று. அவர் ஏற்காது அழுதால், வாதாடாமல் உடன் இரும்.

பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் எல்லை ஊர்கள். 1954-இல் மொழிப் போராட்டத்தில் தெற்கே துப்பாக்கி முழங்கியதையும், 1956 நவம்பர் முதல் நாளில் எல்லைக்கோடு விழுந்ததையும் நம் முதியோர் கூறக் கேட்டுள்ளோம். கோட்டின் இருபுறத்து மொழியும் நாம் அறிவோம். ஆகவே இருபுறமும் சென்று பேசும் தொண்டு நமக்கு இயல்பானதே. ஊர்ப்பூசலில் ஒரு பக்கத்துப் பழிச்சொல்லை மறுபக்கம் சுமவாதிருப்போம். இளைஞர் முதலுதவி கற்பாராக. ஆயுத வாணிபம் உபாசகர்க்கு விலக்கப்பட்டது என்பதை மறவாதிருப்போம். முகாமில் வாழ்வோரை "நீர் எந்தக் கட்சி" என்று வினவாது, "உணவு உண்டீரா" என்று வினவுவோம். மணிமேகலை அமுதசுரபியை ஏந்தியபோது, பசித்தவனின் குலத்தைக் கேட்டனளோ?

அங்குலிமாலன் வழியில் முதலடி வைக்க அஞ்சாத நெஞ்சம் நமக்கு உண்டாகுக. எல்லா உயிர்களும் பகையும் அச்சமும் நீங்கி வாழ்க.

சாது! சாது! சாது!