கீரை சாப்பிடச் சொல்வது யாரிடம்?

"கீரை சாப்பிடுங்கள், இரும்புச்சத்து மாத்திரையைத் தவறாமல் போடுங்கள்." நல்வாழ்வுக் கல்வி பெண்களுக்குச் சொல்வது இது. சொல்வதில் பிழையில்லை. ஆனால் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 57 சதவீதத்தினருக்கு இரத்தசோகை. இத்தனை பேருக்கும் கீரையின் அருமை தெரியாது என்றா நம்புவது?

எல்லோரும் உண்டபின் சட்டியில் மிஞ்சியதை வழித்து உண்பவளிடம் சத்துணவுப் பட்டியலை நீட்டுகிறோம். அதன்படி நடக்க வழியில்லாதபோது, அவளுடைய நோய் அவளுடைய அலட்சியமாகிவிடுகிறது. "அப்போதே சொன்னோமே" என்ற வசவும் சேர்கிறது. வசதியைத் தராமல் அறிவை மட்டும் தருவது, பழியை இடம் மாற்றுவதுதான்.

அதற்காகக் கல்வியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1980களில் ராஜஸ்தான் கிராமப் பெண்கள் சேர்ந்து 'சரீர் கீ ஜான்காரி' என்ற நூலை உருவாக்கினார்கள். அதில் வரைந்திருந்த நிர்வாணப் படங்களைப் பார்த்து, எங்கள் ஊரில் எந்தப் பெண்ணையும் இப்படிப் பார்க்க முடியாது என்றார்கள். பிறகு, பாவாடையை விலக்கினால் உடல் தெரியும்படி தாள் மடிப்பு வைத்துப் படம் மாறியது. டெல்லியின் 'காளி ஃபார் விமன்' பதிப்பகம் நூலை வெளியிட்டது. கூச்சமும் போகவில்லை, அறிவும் குறையவில்லை. பாடம் கேட்க வந்தவர்களே பாடத்தைத் திருத்தினார்கள்.

நல்வாழ்வுக் கல்வியை நான் அளக்கும் கோல் இதுதான்: "நான் ஏன் கடைசியில் சாப்பிடுகிறேன்?" என்று அவள் கேட்க அங்கே இடமிருக்கிறதா? இருந்தால், அடுத்த வகுப்புக்கு முதல் பந்தியில் உட்காருகிறவர்களையும் அழைக்கவேண்டியிருக்கும்.