வினைக்கொள்கையும் பாலர் கல்வியும்

ஆணவ இருளில் அறிவு மறைந்து கிடக்கும் உயிர்கள் அறிவு விளங்கப்பெறும் பொருட்டே இறைவன் தநு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கினையும் கருணையாற் கொடுத்தருளுகின்றான் என்பது சைவசித்தாந்தத் துணிபு. சைவபாடசாலை உபாத்தியாயர் யாவரும் இதனை அறிவர். மாணாக்கர்க்குப் படிப்பித்தும் வருவர். ஆயினும், கண்ணொளி குன்றிய குழந்தையையோ, செவி கேளாத குழந்தையையோ, மூன்று வயதாகியும் நடை தேறாத குழந்தையையோ ஒரு தாய் இடுப்பிற் சுமந்து பாலர் பாடசாலை வாயிலில் வந்து நிற்கும்பொழுது நம்மவருட் சிலர் கூறும் விடை இத்துணிபுக்கு இயைவதன்று. "அது அதன் வினை, நாங்கள் என்ன செய்யலாம்?" என்பதே அவ்விடை. அவ்விடை சைவமாகுமா என்பது ஈண்டு ஆராயப்படும்.

குழந்தை கொண்டுவந்த உடம்பு பிராரத்தத்தால் வந்தது எனின், அஃது உண்மையே. அங்ஙனமாயின் நமக்கு வாய்த்த கூரிய செவியும் பிராரத்தத்தால் வந்ததே. எவ்வினை எவ்வுடம்பாய் விளைந்தது என அறிபவன் இறைவன் ஒருவனே. அக்கணக்கேடு உபாத்தியாயர் கையிற் கொடுக்கப்படவில்லை. அவர் கையில் உள்ளது வரவு இடாப்பு மாத்திரமே. தம் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டவிடத்து "வினை" என்று சும்மா இருப்பார் நம்முள் எவருமிலர். பரியாரியாரிடமோ வைத்தியசாலைக்கோ ஓடுகின்றோம். அயலார் பிள்ளைக்கு மாத்திரம் வினைக்கொள்கை நினைவுக்கு வருவது ஏன்? அன்றியும், வினை மூவகைத்து என்று படித்த நாம் மூன்றாவதை மறந்துவிடுகின்றோம். குழந்தையின் குறை அதன் பிராரத்தமாகுக. அக்குழந்தைக்கு வாயிலை அடைத்தல் அடைத்தவருடைய ஆகாமியம். அதனை அனுபவிக்க வேண்டியவர் குழந்தை அல்லர்.

இத்தகைய குழந்தையைக் கண்டவுடன் "பாவம்" என்பது நம் நாட்டு வழக்கு. இரக்கத்தையும் தீவினையையும் ஒரே சொல்லாற் குறிக்கும் பழக்கம் நம்மை எவ்வளவு மயக்கியுள்ளது என்பதும் சிந்திக்கத்தக்கது.

தண்டியடிகணாயனாருடைய சரித்திரத்தை நாம் ஆண்டுதோறும் சொல்லுகின்றோம். திருவாரூரிற் பிறவியிலேயே கண்ணிழந்த அவர் திருக்குளத்தைத் தோண்டினார் என்பதும், சமணர் இகழ்ந்தனர் என்பதும், இறைவன் அவருக்குக் கண் கொடுத்தான் என்பதும் பிள்ளைகளுக்குத் தெரியும். அற்புதத்திலே மனம் செல்வதால் அதற்கு முன்னுள்ள ஒன்றை நாம் விரைந்து கடந்துவிடுகின்றோம். குளத்தினுள்ளே ஒரு கோலும் கரையிலே ஒரு கோலும் நட்டு, இரண்டிற்கும் இடையே கயிறு கட்டி, அக்கயிற்றைத் தடவிக்கொண்டே அவர் மண் சுமந்தார். கண் பெற்ற பின்னர்த் தொண்டு செய்யத் தொடங்கினார் அல்லர். கண்ணில்லாதபொழுதே, கயிற்றின் துணையால், கண்ணுடையார் செய்யாததைச் செய்தார். கோலையும் கயிற்றையும் பிடுங்கி எறிந்தவர் எவர் என்பதைச் சேக்கிழார் சுவாமிகள் சொல்லியிருக்கின்றார். கயிறு கட்டிக் கொடுக்க வேண்டிய இடத்தில் இருக்கும் நாம் அதனைப் பிடுங்குவார் பக்கத்தில் நிற்றல் தகுமா?

இக்கயிறு பாலப்பருவத்திலேயே கட்டப்படவேண்டும். பிறவியிற் செவி கேளாத குழந்தைக்கு நாவிற் குற்றமில்லை. சொல் செவிவழிப் புகாமையால் நாவழி வெளிப்படவில்லை, அவ்வளவே. முதல் நான்கைந்து ஆண்டுகளுள் செவிக்கருவியாலேனும் சைகைமொழியாலேனும் அதற்கு ஒரு மொழி வாய்க்காவிடின், பின்னர் எத்துணை முயலினும் அவ்விழப்பு முற்றும் நிரம்பாது. ஒரு கண்ணின் பார்வை மங்கியிருத்தலும் ஏழு வயதளவிற்குள் கண்டு மருத்துவஞ் செய்யப்பெற்றாற் பெரும்பாலும் திருந்தும், பிந்தினாற் கடினம். காதிற் சீழ் வடியும் பிள்ளையைக் "கவனமில்லாதது" என்று ஏசுகின்றோம். அது கேளாமலிருப்பதை அறிகின்றோமில்லை. இக்குறைகளைத் தாய்தந்தையரினும் முன்னே காணக்கூடியவர் பாலர் பாடசாலை ஆசிரியை. ஒத்த வயதுப் பிள்ளைகள் இருபதின்மரை ஒருங்கே பார்ப்பவர் அவர் அன்றோ?

"ஏனைய பெற்றோர் தங்கள் பிள்ளைகளை மறித்துவிடுவார்கள்" என்பாருமுளர். இவ்வாதம் யாழ்ப்பாணத்துக்குப் புதியதன்று. 1929 ஆம் ஆண்டு சமாசனம், அதாவது எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருத்தல், விதிக்கப்பட்டபொழுது இதே வாதம் சொல்லப்பட்டது; 1930 இற் சில பாடசாலைகள் தீயிடவும்பட்டன. சொன்னவர் பலர் சைவராயிருந்தனர் என்பதை மறைத்தலாற் பயனில்லை. இன்று அவ்வாதத்தை ஒரு சைவசபை மேடையிற் சொல்ல எவரும் நாணுவர். வேறொரு குழந்தையைக் குறித்து அதனையே சொல்ல நாணாதிருப்பது வியப்பே.

"அவர்களுக்கென வேறு பாடசாலைகள் உளவே" எனின், உள. இரத்மலானையில் 1912 இலும், கைதடியில் 1956 இலும் செவிடர் குருடர் பாடசாலைகள் நிறுவப்பட்டன. இரண்டனையும் தொடங்கியவர் கிறிஸ்தவர். மிசன் பாடசாலையிற் கற்றவனாதலின் அவர்களுடைய மதமாற்ற முயற்சியை அருகிருந்து அறிவேன். அதனைக் கண்டிப்பவரோடு இன்றும் உடன்படுகின்றேன். ஆயினும், நாம் கண்டித்துக்கொண்டிருந்த காலத்தில் அவர்கள் இக்குழந்தைகளுக்குக் கட்டடம் எழுப்பினார்கள் என்பதும் உண்மையே. அப்பாடசாலைகள் வேண்டப்படுவன; செவி கேளாத பிள்ளைக்குத் தன்னைப்போலச் சைகையாற் பேசும் தோழரும் வேண்டும். எனினும் மூன்று வயதுக் குழந்தையைத் தாயின் மடியினின்றும் பிரித்துத் தொலைவிலுள்ள விடுதிக்கு அனுப்புதல் எல்லோர்க்கும் இயைவதன்று. அயலிலுள்ள பாலர் பாடசாலையே அதற்கு முதல் இடம்.

இடங் கொடுத்தல் மாத்திரம் போதுமா எனின், போதாது. இடாப்பிற் பெயர் எழுதி மூலையில் இருத்திவிடுதல் வாயிலை அடைத்தலின் வேறொரு வகையே. முப்பது சிறுவரை ஒருவராய் மேய்க்கும் ஆசிரியை மீது இச்சுமையையும் ஏற்றிவிட்டு நாம் தருமம் பேசுதல் நியாயமன்று. அவருக்கு ஓர் உதவியாளர் வேண்டும், பயிற்சி வேண்டும், வேதனமும் வேண்டும். நம் ஊர்களிற் பாலர் பாடசாலை ஆசிரியைமார் பெறும் தொகை வெட்கத்தக்கது. கோயில் மகோற்சவத்தில் வாணவேடிக்கைக்குச் செலவாகும் பணத்தில் ஒரு பங்கை அக்கோயிலைச் சார்ந்த பாலர் பாடசாலைக்கு ஒதுக்குமாறு தருமகர்த்தாக்களைக் கேட்டல் சைவசபைகளின் கடன்.

நாவலர் பெருமான் 1848 இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்ததற்குக் காரணம், கல்விக்கு விலையாக மிசன் பாடசாலைகள் சைவப்பிள்ளைகளைக் கிறிஸ்தவ பாடமும் செபமும் கேட்கச் செய்தமையே. வாயிலில் வைக்கப்பட்ட நிபந்தனையை வெறுத்துப் பிறந்தவை நமது பாடசாலைகள். இந்நாட்டில் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டமும் அங்கவீனத்தைக் காரணங் காட்டிப் பாடசாலை அனுமதியில் வேற்றுமை செய்தலைத் தடுக்கின்றது. சட்டத்துக்கு அஞ்சிச் செய்வதினும் நாவலர் வழியென்று செய்தல் நமக்கு அழகு.

விசயதசமியில் ஏடு தொடக்கும்பொழுது பேசாத பிள்ளையை "பிறகு பார்ப்போம்" என்று திருப்பி அனுப்பும் வழக்கமும் சிலவிடங்களில் உண்டு. பரப்பிய பச்சையரிசியில் எழுதுவது விரல், நாவன்று. கண்ணில்லாத பிள்ளைக்கோ அவ்வரிசியினுஞ் சிறந்த பலகை இல்லை. எழுதிய கோட்டை விரலாலே தடவி அறியலாம். ஆசிரியர் அவ்விரலைப் பற்றி அகரத்தை ஒருமுறைக்கு மூன்றுமுறை மெல்ல எழுதுவிக்க வேண்டும். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் சற்றுப் பொறுத்திருக்கட்டும்.